பொட்டு ஒட்டாத கார்

என்னை முதலில் பயமுறுத்தியது மாமாவின் ஆட்காட்டி விரல்தான்.

கனடாவிலிருந்து வீடியோ அழைப்பில் வந்தவர், சுகம் எதுவும் விசாரிக்காமல் போனைத் திருப்பித் தன் மருமகனின் காரைக் காட்டினார். பின்சக்கரத்துக்கு மேலே பெயின்ட் சற்றுப் பொருமியிருந்தது. அவ்வளவுதான். மாமா கையுறையைக் கழற்றி, அந்தப் பொருமலில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் தூள் மாதிரி ஏதோ உதிர்ந்து பனியில் விழுந்தது.

"பார்த்தியே?" என்றார். "ஏழு வருசக் கார். பனி உருகிறதுக்கு ரோட்டில உப்புக் கொட்டுறாங்கள். அந்த உப்புத்தான் இப்பிடித் திண்டு வைச்சிருக்கு."

"ஓம் மாமா."

"என்ர கார் இப்ப எங்க நிக்குது?"

அது அவருக்கே தெரியும். அவருடைய கார் வெள்ளவத்தையில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத் தரிப்பிடத்தில் நின்றது. அதற்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை, கடற்கரை வீதி, ரயில் பாதை. வேறொன்றுமில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அம்மா வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார். என் சைக்கிள் பூட்டு ஆறு மாதத்தில் திறக்க மறுத்துவிட்டது. இந்த ஒழுங்கையில் உப்புக்குத் தப்பிய இரும்பை நான் கண்டதில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. அவரும் மாமியும் இருப்பது கொட்டாஞ்சேனையில், காரை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாத ஒரு சந்தில். வாகன இறக்குமதித் தடை நீங்கும் நீங்கும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்து, நீங்கிய பிறகு வாங்கிய கார் அது. கரு நீலம். அவர்களின் ஒரே மகளுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, அங்கே பிள்ளை பிறக்கவிருந்தது. மார்கழி தொடக்கத்தில் இருவரும் நாலு மாதத்துக்குப் போனார்கள். சாவியை என்னிடம் தந்தார்கள். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் முடித்துவிட்டுப் பரீட்சைப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த நேரம். சும்மா இருக்க எனக்கு வராது. கார் கழுவுவது பற்றிய வீடியோக்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தேன். கழுவ ஒரு கார்தான் இருக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மாமி அந்தக் காரை வீட்டுக்குக் கிட்ட இருந்த அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தார். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தார்கள். ஐயர் சந்தனத்தைத் தர, மாமியே பொனட்டின் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டார். பிறகு காரை எங்களிடம் கொண்டுவந்து நிறுத்தியபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதைத் தொடக்கூடாது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சு வந்து என்ர கையாலதான் கழுவுவன் எண்டு அம்மாளாச்சிக்குச் சொல்லிப்போட்டன். அதுவரைக்கும் இது இப்பிடியே இருக்கோணும். விளங்குதே?"

மச்சாளுக்கு முந்திய வருடம் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளை தவறியிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. மாமி அன்றும் கதைக்கவில்லை. பொட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் "ஓம் மாமி" என்றேன்.

ஆக, விரல் உள்ளே போன அந்தத் தினத்தில் மாமாவின் கட்டளை வந்தது. "உனக்குத்தானே உதெல்லாம் தெரியும். நல்ல வெக்ஸ் ஒண்டு பார்த்து எடு. நாங்கள் வருமட்டும் நிக்கிறமாதிரி எடு. பிழையானதைப் பூசி என்ர பெயின்ட்டைக் கெடுத்துப்போடாதை."

மூன்று நாள் நான் நித்திரை கொள்ளாத குறை. ஆசையா பயமா என்று பிரிக்க முடியவில்லை. வெக்ஸ் என்றால் காருக்குப் பூசும் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைமரத்து மெழுகில் செய்தது இருக்கிறது. கண்ணாடி போல மினுங்கும். ஆனால் கொழும்பு வெயிலில் பொனட் தோசைக் கல் மாதிரிச் சுடும். அந்த மெழுகு சில கிழமையில் இளகிப் போய்விடும். செரமிக் பூச்சு இருக்கிறது. வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் பூசும்போது ஒரு பிழை விட்டால் அந்தப் பிழையும் வருடக்கணக்கில் நிற்கும். இன்னொருவரின் காரில் அழிக்க முடியாத ஒன்றைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. மிஞ்சியது சீலன்ட் எனப்படும் செயற்கை மெழுகு. குளிர்நாட்டுக்காரர்கள் பனிக்காலம் தொடங்குமுன் பூசுவது. ஐந்து ஆறு மாதம் தாங்கும், வெயிலுக்கு இளகாது, உப்பை ஒட்டவிடாது.

யோசிக்க யோசிக்க அது சரியாகத்தான் பட்டது. அவர்களுக்கு உப்பு ரோட்டிலிருந்து வருகிறது, எங்களுக்குக் காற்றில் வருகிறது. காருக்கு எல்லாம் ஒன்றுதான். அதோடு அந்த மாதங்களில் கொழும்பில் மழை குறைவு, தரிப்பிடத்துக்குள் விழும் மழை அதிலும் குறைவு. படிந்த உப்பைக் கழுவ ஆளில்லை. ஆகவே வெள்ளவத்தைக்குப் பனிக்கால மெழுகு. இந்த முடிவுக்கு வந்தபோது ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல அம்மாவிடம் போய் விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டு, "கண்ணைத் துடைச்சு விடு" என்றார்.

மருதானைப் பக்கம் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாலாவது கடையில் இருந்தது. வயதான முஸ்லிம் முதலாளி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வின்டருக்குள்ளது மகள்."

"ஓம், அதுதான் வேணும்."

"எந்த வின்டருக்கு? கொழும்புல ஸ்னோ கொட்டப் போகுதெண்டு ரேடியோவுல செல்லினாங்களா?"

பக்கத்தில் பிரேக் ஒயில் வாங்க நின்றவர் சிரித்தார். நான் ரோட்டு உப்பு, காற்று உப்பு என்று என் பாடத்தைத் தொடங்கினேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீடு?" என்றார்.

"வெள்ளவத்தை. கடல் பக்கம்."

முதலாளி கேலியை நிறுத்திவிட்டார். "அப்ப எடுங்க. ஆனா ஒண்டு செல்றேன். இது பூசினா அதுக்கு மேல ஒண்டும் புடிக்காது. ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டுறதெண்டா முதல்லயே ஒட்டிருங்க."

ஸ்டிக்கர் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை நான் சரியாகக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அந்த ஞாயிறு காலை காரைத் தரிப்பிடத்துக்கு வெளியே எடுத்துக் கழுவினேன். பொட்டுக்கு மேலே ஒரு தயிர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். முழுக்காரும் ஈரம் உலர்ந்து, கையால் தடவினால் கண்ணாடியாக இருந்தது. கோப்பையை எடுத்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் ஈரம் இருண்டு கிடந்தது. கோப்பை தண்ணீரைத் தடுக்கவில்லை, உள்ளே பூட்டி வைத்திருந்தது. ஒரு ஓரத்தை நகத்தால் லேசாகத் தட்ட, சந்தனத்துக்குக் கீழே நீலம் மங்கியிருப்பது தெரிந்தது.

குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு காரம். கடைக் குங்குமமென்றால் அதில் என்ன சாயம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். காரம், ஈரம், உப்பு, நாலு மாதம். என் தலைக்குள் பரீட்சை வினா மாதிரி வரிசையாக வந்தது. இதை இப்படியே விட்டுச் சுற்றி மெழுகு பூசினால், மாமா திரும்பி வரும்போது பொனட்டின் நடுவில் பெயின்ட் தின்னப்பட்ட ஒரு வட்டம் இருக்கும். துடைத்துவிட்டு, மெழுகைப் பூசி, அதன்மேல் புதிதாகப் பொட்டு வைத்தால் கார் தப்பும், பொட்டும் இருக்கும், மாமிக்கும் தெரியவராது. பத்து நிமிட வேலை.

ஈரத்துணியை எடுத்தேன். ஒரே இழுவை. துணியில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. பொனட்டில் எதுவும் இல்லை.

அப்போது பயமில்லை. மெழுகைத் தொட்டுத் தொட்டு மெல்லிய படலமாகப் பூசி, வெண்புகை மாதிரி உலர்ந்ததும் துடைத்தபோது எனக்குள் இருந்த சந்தோசத்தை மறைக்க முடியாது. கை நிறையத் தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. செக்கியூரிட்டி ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர், வயதான சிங்களவர், "ஹரி லஸ்ஸனய் துவே" என்று தலையாட்டினார். மகளே, நல்ல அழகு என்று. அம்மாவின் சாமித்தட்டில் இருந்து சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்து பொட்டு வைத்தேன்.

அது வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

மறுபடி வைத்தேன். சந்தனம் பொனட்டில் நிற்கவேயில்லை. தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகக் குழைத்தேன். நின்றது. நிம்மதியாக மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காய்ந்து, ஓரம் சுருண்டு, அப்பளத் துண்டு மாதிரிச் சில்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் துளி அழுக்கில்லாமல் வழவழவென்று இருந்தது. அப்போதுதான் மருதானை முதலாளி சொன்னது காதில் விழுந்தது. அதுக்கு மேல ஒண்டும் புடிக்காது.

திங்கட்கிழமை பன்னீரில் குழைத்தேன். பிறகு கொஞ்சம் மாவு சேர்த்தேன். அம்மா சந்தன டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன திடீரெண்டு பக்தி?"

"சும்மா."

"பெறுபேறு வரப்போகுதோ? இவ்வளவு சந்தனம் பூசித்தான் பாஸ் பண்ணோணுமெண்டா அப்பிடி என்ன பரீட்சை எழுதிக் கிழிச்சனி?"

நான் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே அம்மா போனை வைத்துவிட்டுக் கதிரையில் மெதுவாக இருந்தார். மச்சாளுக்குப் பிரஷர் ஏறிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் வைத்துவிட்டார்களாம். ஏழரை மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

நான் இரசாயனவியல் படித்தவள். ஒரு கண்டத்தில் துணியால் துடைத்தால் இன்னொரு கண்டத்தில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏறாது என்பதை எழுதி நிரூபிக்கத் தெரிந்தவள். ஆனாலும் அன்று மாடிப்படியில் இருந்து கணக்குப் போட்டேன். ஞாயிறு காலை துடைத்தேன். செவ்வாய் கொண்டுபோய் வைத்தார்கள். இடையில் இரண்டு நாள். முட்டாள்தனம் என்று எனக்கே சொன்னேன். சொல்லிக்கொண்டே கைகளைப் பார்த்தேன். நகத்துக்குள் குங்குமம் இன்னும் போகவில்லை.

அதைவிடப் பெரிய பயம் வேறு. மாமிக்குத் தெரிந்தால்? மாமிக்கு நிரூபணம் ஒன்றும் வேண்டாம். அங்கே, தெரியாத ஊரில், மகள் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்ல வேண்டியவர் அவர். நான் செய்தது தெரிந்த நிமிடத்தில் அவர் உடைந்துபோவார். அவர் உடைந்ததை மச்சாள் பார்ப்பாள். பிரஷர் பிறகும் ஏறும். அதற்கு இரசாயனவியலில் பதில் இல்லை. அது உண்மையிலேயே நடக்கக்கூடியது.

ஒவ்வொரு வெள்ளி காலையும் ஏழரை மணிக்கு அவர்கள் வீடியோ அழைப்பு எடுப்பார்கள். அங்கே வியாழன் இரவு. நான் போனோடு கீழே போய்க் காரைச் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த வெள்ளி ஏழு இருபத்தைந்துக்குப் புதிய பொட்டு ஒன்றை வைத்துவிட்டு நின்றேன்.

மாமா காரைப் பார்த்துப் பூரித்துப்போய் மாமியைக் கூப்பிட்டார். "எணேய், இஞ்ச பார், கண்ணாடி மாதிரி. பிள்ளை, கதவுக்குக் கீழயும் பூசினனியே?"

"ஓம் மாமா, சில்லுக்கு உள்பக்கமும்."

"கெட்டிக்காரி. உன்னைக் கட்டுறவன் கார்க்காரனாத்தான் இருக்கோணும்."

மாமி குறுக்கே வந்தார். முகம் வற்றியிருந்தது. "பிள்ளை, பொட்டை ஒருக்காக் காட்டு."

போனைப் பொனட்டுக்கு மேலே பிடித்தேன். மாமி பார்த்தார். திரையில் அவர் உதடு மட்டும் அசைந்தது. அப்போது, என் கண்ணுக்கு முன்னால், பொட்டின் கீழ் ஓரம் மெல்லக் கிளம்பத் தொடங்கியது. காற்று வேறு. மயிர்க்கனம், பிறகு இன்னும் கொஞ்சம்.

"மாமி, சிக்னல் விட்டு விட்டு வருது," என்று சொல்லிக் கூரைப்பக்கம் போனைத் திருப்பினேன். "மாமி? கேக்குதே மாமி?"

"எனக்கு வடிவாக் கேக்குது," என்றார் மாமி.

நான் வெட்டிவிட்டேன். பொட்டு முன் சில்லுக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டாக உடைந்தது. நான் அதற்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையில் குந்தியிருந்தேன்.

செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. காலி வீதியில் இருந்த பார்மசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு போத்தல் வாங்கினேன். பஞ்சில் நனைத்து, பொனட்டின் நடுவில், பொட்டின் அளவுக்கு ஒரு வட்டத்தில் மட்டும் தேய்த்தேன். நான் மூன்று நாள் ஆராய்ந்து தேடிய மெழுகு அது. ஐந்து மாதம் நிற்கும் என்றார்கள். பொய்யில்லை. லேசில் போகவில்லை. பஞ்சு பஞ்சாகத் தேய்த்தேன். கடைசியில் தண்ணீர்த் துளி ஒன்றை விட்டுப் பார்த்தேன். உருளவில்லை. பரந்து படிந்தது. அந்த ஒரு வட்டத்தில் கார் அம்மணமாக இருந்தது.

சந்தனம் ஒட்டியது. குங்குமமும் நின்றது. அடுத்த நாள் காலையிலும் நின்றது.

அதோடு பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை, இடம்தான் மாறியது. இப்போது முழுக்காரும் பத்திரம். அந்த வட்டம் ஒன்றுதான் கடலுக்குத் திறந்திருக்கிறது. நானே திறந்துவிட்டது. பின்னேரம் காற்று மாறிக் கடல்பக்கமிருந்து வரத் தொடங்கியதும் எனக்கு வீட்டில் இருக்க முடியாது. கீழே போய்ப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பு. ஒவ்வொரு நாளும் உப்பு. பொட்டைத் தொடாமல் சுற்றிவரத் துடைப்பேன். ஒருநாள் விரலை நக்கிக்கொண்டிருந்தபோது செக்கியூரிட்டி ஐயா பின்னால் நின்றார்.

"துவே, மே மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உப்பு என்ற சொல்லை மட்டும் சொன்னேன். அவர் காரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து அம்மாவிடம் என் சுகத்தை விசாரிக்கத் தொடங்கினார்.

மச்சாளை இடையில் வீட்டுக்கு விட்டு, மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கு வெள்ளி மாமி பொட்டைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வைத்தது என் பொட்டைவிடச் சற்றுப் பெரிதா? இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்ததா? நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் படம் எடுக்கிறவள், அதை எடுக்கவில்லை.

தை முடியும் தறுவாயில் ஒரு வெள்ளி. ஏழரைக்கு முன்பே போன் அடித்தது. ஆறு நாற்பது. மாமி மட்டும். பின்னால் நீளமான வெள்ளை நடைவழி. தலை கலைந்திருந்தது. மாமி தலை வாராமல் நின்று நான் கண்டதில்லை.

"ஒப்பரேசனுக்குக் கொண்டு போட்டினம் பிள்ளை. திடீரெண்டு. பிள்ளையின்ர துடிப்புக் குறையுதாம். எனக்குப் பயமாக் கிடக்கு."

"மாமா எங்க?"

"இங்காலதான் நடந்துகொண்டு திரியிறார். நீ கீழ போ. காரைக் காட்டு."

செருப்புப் போடாமல் ஓடினேன். லிஃப்டுக்கு நிற்கவில்லை. மூன்று மாடி. தரிப்பிடம் இன்னும் குளிர்ந்திருந்தது. பொட்டு இருந்தது. நான் வைத்த பொட்டு, அம்மாவின் தட்டிலிருந்து எடுத்த சந்தனம், மூன்று கிழமைக்கு முன் மாவும் சேர்த்துக் குழைத்தது. அதற்கு மேலே போனைப் பிடித்தேன்.

"கிட்டப் பிடி," என்றார் மாமி.

கிட்டப் பிடித்தேன். அதன் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, வாய்க்குள், அம்மாளாச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் சில சொற்கள் காதில் விழுந்தன. மகளின் பெயர். போன வருடம். இந்த முறை மட்டும். நான் அவர் பார்க்கக்கூடாததைப் பார்க்கிறேன் என்று தோன்றியது. அதைவிட மோசமான ஒன்றும் தோன்றியது. அவர் எதைப் பார்த்து இதையெல்லாம் சொல்கிறாரோ, அது நான் ஒரு வெள்ளிக்கிழமை பயத்தில் செய்துவைத்த பொய். கோயிலில் இருந்து வந்தது ஒரு துணியோடு போய்விட்டது. அந்தத் துணியைத் தோய்த்துக் காயப்போட்டு, அதே துணியால் கண்ணாடியும் துடைத்துவிட்டேன்.

அந்த நேரத்தில் என் படிப்பு ஒன்றும் கைகொடுக்கவில்லை. நானும் வேண்டிக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறது. பிழை என்னுடையது, அவர்களில் காட்டாதே என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. எதிரே கார்தான் நின்றது.

திரையில் பொட்டு ஆடியிருக்க வேண்டும்.

"கையை ஆட்டாதை பிள்ளை."

மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். காலைக் கடுகதி ரயில் கடலோரமாகப் போனது. தரை அதிர்ந்தது. பொட்டு அசையவில்லை. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தது வீண்போகவில்லை என்று நினைத்ததும், அப்படி நினைத்ததற்காகவே இன்னும் பயம் வந்தது. இருபது நிமிடம் நின்றிருப்பேன். ஏதோ ஒரு கதவு திறந்த சத்தம், மாமாவின் குரல், செருப்புச் சத்தம். மாமியின் முகம் திரையிலிருந்து போய்விட்டது. நடைவழியின் கூரை மட்டும் தெரிந்தது. பிறகு யாரோ அழுதார்கள். அழுதது மாமா. மாமா அழுதால் அது எந்தச் செய்தி என்று எனக்குத் தெரியாது. நான் அதைக் கேட்டதே இல்லை.

போன் மறுபடி நிமிர்ந்தது. மாமி.

"பொம்பிளைப் பிள்ளை. ரண்டு பேரும் சுகம்." மூக்கை உறிஞ்சினார். "நீ மேல போய்த் தேத்தண்ணி குடி. முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு."

நான் மேலே போகவில்லை. தரையில் இருந்து அழுதேன். செக்கியூரிட்டி ஐயா ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பங்குனியில் அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே எங்களிடம். மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரோடு கீழே இறங்கினார். மாமா காரைச் சுற்றிச் சுற்றி வந்து சில்லுக்கு மேலே ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்திலும் விரல் போகவில்லை. மாமி பொட்டின்மேல் தண்ணீரை ஊற்றி, உள்ளங்கையால் மெல்லத் துடைத்தார். சந்தனம் கரைந்து வழிந்தது. சுற்றிவர நீலத்தில் தண்ணீர் உருண்டு ஓடியது. நடுவில் மட்டும் ஓடவில்லை. அங்கே, பழைய இரண்டு ரூபாய் நாணயக் குற்றியளவில், மங்கலான ஒரு வட்டம். தேய்த்ததால் பாதி, உப்பால் பாதி.

"இது என்ன?" என்றார் மாமா. குனிந்தார். "இந்த இடத்தில வெக்ஸ் பிடிக்கேல்லையே?"

நான் சொல்லியிருக்கலாம். பிள்ளை பிறந்துவிட்டது, எல்லாரும் சுகம், இனி ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. வாயைத் திறந்தேன்.

"அதில பொட்டு இருந்ததுதானே மாமா," என்றேன். "எப்பிடிப் பூசுறது?"

மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை. "அவள் சொல்லுக் கேக்கிற பிள்ளை," என்று மாமாவிடம் சொன்னார். "நீங்கள் சும்மா நோண்டாதையுங்கோ." பிறகு அந்த மங்கல் வட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மச்சாளிடம் மட்டும் பிறகு ஒருநாள் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பளம் மாதிரி விழுந்தது என்ற இடத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதை," என்றாள். "அண்டைக்கு அவ அந்த நடைவழியில விழாமல் நிண்டது அதைப் பார்த்துக்கொண்டுதான்."

ஆகவே சொல்லவில்லை. கடலிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்குவதற்கு முன்னால் மாமா மறுபடி காரைக் கொண்டுவந்து என்னிடம் விட்டார். அதே மெழுகு, புது டப்பா. மாமியும் கூட வந்திருந்தார். "அந்த வட்டத்தை விட்டிட்டுப் பூசு," என்றார். அது இனி அப்படியே இருக்க வேண்டுமாம். பேத்தி வளர்ந்து வந்து பார்க்க வேண்டுமாம். நான் மெழுகு படாமல் மறைக்கும் ஒட்டு நாடாவில் ஒரு நாணயக் குற்றியை வைத்துக் கீறி, வட்டமாக வெட்டி, அந்த இடத்தில் ஒட்டுவதற்குக் குனிந்தேன்.

மங்கலின் நடுவில் ஒரு புள்ளி இருந்தது. குண்டூசித் தலையளவு. மண்ணிறம். நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. துரு எடுக்கும் மருந்து ஒரு சொட்டும் பெயின்ட் ஒரு சொட்டும் போட்டால் இன்றைக்கே நிறுத்தலாம். ஆனால் அதற்கு அந்த வட்டத்தைத் துடைக்க வேண்டும். மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மறுபக்கத்தில், சில்லுகளுக்கு மேலே, ஒவ்வொரு இடமாக விரலை வைத்து அழுத்திக்கொண்டு வந்தார்.

நாடாவை ஒட்டினேன். ஓரங்களைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டேன்.